ஈரக்கழிவு

ராத்திரி இரண்டு மணிக்கு
என் தலைமாட்டில் போன்
தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.
காலையில் எழுத்தெல்லாம் கொஞ்சம் உருண்டை,
கடிகாரம் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்திருந்தது.
அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கட்டபெட்டுக்குக் கீழே எங்கள் இலைக் கொட்டகை.
பத்தரைக்கு முதல் சாக்கு தராசில் ஏறியது.
தராசில் சிவப்பாக எண் எரிகிறது.
போனில் நீலமாக, 'இணைக்கப்பட்டது'.
நடுவில் இருக்கிற ஒரு முழத்தில்
எடை எங்கேயோ விழுந்துவிட்டது.

அணைத்தேன், போட்டேன்.
போனை, தராசை, பிறகு இரண்டையும்.
ப்ளூடூத்தை நிறுத்திப் பத்து எண்ணி விட்டேன்.
'இந்தச் சாதனத்தை மறந்துவிடு' என்று ஒரு வரி இருந்தது;
மறந்தேன்.
தேடச் சொன்னேன், சக்கரம் சுற்றியது.
லாரி டிரைவர் பெனடிக்டின் இயர்போன் கிடைத்தது,
ரோட்டில் போன யாருடைய காரோ கிடைத்தது,
இடுப்பில் இடிக்கிற தராசு மட்டும் கிடைக்கவில்லை.

கோவையிலிருந்து கம்பெனிப் பையன் பேசினான்.
சிக்னலுக்காக மண்மேட்டில் ஏறி
சில்வர் ஓக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
'லொகேஷன் ஆன்ல இருக்கா மேடம்?'
இருக்கிறது.
'அப்டேட்டுக்கு அப்புறம் பர்மிஷன் போயிருக்கும்,
பக்கத்துச் சாதனங்கள்னு ஒண்ணு...'
மேட்டுப்பாளையம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கியது.
சத்தம் அடங்கியபோது பையனும் இல்லை.

கீழே பதினாலு சாக்கு.
இலை காத்திருக்காது.
அடுக்கினால் உள்ளே சூடேறும்,
விரித்தால் காற்று எடையைத் தின்னும்.
'நோட்டுல எழுது புள்ளே' என்றாள் மிச்சியம்மா.

எழுதினேன்.
இருபத்தொன்று புள்ளி நாலு.
சாக்குக்கு ஒன்று.
ஈரத்துக்கு,
அந்த இடத்தில் பேனா நின்றது.

நாலு வருஷமாக ஆப் தானே கழித்துக்கொண்டிருந்தது.
எட்டு சதவீதம்.
மழையோ வெயிலோ எட்டு.
யாரோ ஒருநாள் ஏதோ ஒரு கட்டத்தில் தட்டி வைத்த எட்டு.
தட்டியது நானில்லை.
தெரியாது என்றும் சொல்ல முடியாது.
இப்போது அதை வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

'ஈரத்துக்கு ஒண்ணு புள்ளி ஆறு.'

மிச்சியம்மா வானத்தைப் பார்த்தாள்.
பன்னிரண்டு நாளாகத் துளி விழாத வானம்.
சாக்கில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி
நோட்டின் மேல் வைத்தாள்.
எடுத்தாள்.
தாள் நனையவில்லை.
அவள் ஒன்றும் கேட்கவில்லை,
பின்னால் நின்ற சாந்தகுமாரிதான் கேட்டாள்:
'தினமும் இப்படித்தானா?'

பேனாவை மூடினேன், திறந்தேன்.
தினமும் இப்படித்தான் என்றேன்.
அதற்குப்பின் பதிமூன்று சாக்கு.
பதிமூன்று முறை சொன்னேன்,
கடைசியில் குரல் கம்மிவிட்டது.

மூன்று மணிக்குத்தான் விஷயம் பிடிபட்டது.
போன் மறந்திருந்தது; தராசு மறக்கவில்லை.
பழைய போனை நினைத்துக்கொண்டே
புதிதாக வந்து நின்ற அதே போனுக்கு
கதவு திறக்காமல் இருந்திருக்கிறது.
பூஜ்யப் பொத்தானைப் பத்து விநாடி
விடாமல் அழுத்தினால் அதற்கும் எல்லாம் போய்விடும்.
அழுத்தினேன். இரண்டு தரம் கீச்சிட்டது.
பக்கத்துச் சாதனங்களுக்கு அனுமதி.
ரகசிய எண், நாலு சுழி.
எடை வந்து உட்கார்ந்தது,
எங்கும் போகாதது மாதிரி.

நோட்டை ஏற்ற வேண்டும்.
கையால் ஏற்றும் கட்டத்துக்கு ஈரம் தெரியாது.
நான் போடுவதுதான் எண்.
சாக்கை மட்டும் கழித்துப் போட்டேன்,
பதினாலுக்கும்.
பச்சை டிக் ஒவ்வொன்றாக விழுவதை
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

சாயங்காலம் ஃபேக்டரியிலிருந்து கூப்பிட்டார்கள்.
'என்னம்மா, இன்னிக்கு மட்டும் எடை ஏறியிருக்கு?'
'அப்டேட் சார்' என்றேன்.
'ஓ' என்று வைத்துவிட்டார்.

மறுநாள் போனும் தராசும் ஒன்றுக்குள் ஒன்று.
எட்டு தன் வேலைக்குத் திரும்பியிருந்தது.
நான் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.
ஆனால் வரிசை நேராக நிற்கவில்லை;
மேசைப் பக்கம் வராமல்
இடதுபுறமாக வளைந்திருந்தது,
சிவப்பு எண் தெரிகிற பக்கம்.
முன்னால் நின்ற மிச்சியம்மா
வாய்க்குள் எதையோ கூட்டிக்கொண்டிருந்தாள்.