மூன்று பேருக்கான சீட்டு

அனுமதிச் சீட்டு எடுத்தது போன ஆகஸ்டில்.
விவாகரத்து பிப்ரவரியில்.
பணம் திருப்பித் தரப்படாது என்று
அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.
மூன்று பேருக்குக் குறைந்தால் இறங்க விடமாட்டோம் என்று
அதைவிடச் சின்ன எழுத்தில்.

ஆக, நான், கெர்சோம், அவன் சித்தி மகள் பெட்ரினா.
கீட்மான்ஸ்ஹூப்பில் ஒரே டாக்டர்தான்
எங்கள் இருவர் நெஞ்சிலும் குழல் வைத்துக் கேட்டு
இதயத்தில் கோளாறில்லை என்று கையெழுத்துப் போட்டார்.
வெளியே வந்து
அவரவர் வண்டியில் ஏறினோம்.

முதல் நாள் இறங்குவது மட்டுமே வேலை.
சங்கிலியைப் பிடித்தபடி, முதுகுச் சுமை தள்ளத் தள்ள,
முழங்கால்கள் கெஞ்சத் தொடங்கி
கெஞ்சியும் ஓய்ந்த பிறகு
அடியில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர்.

இதற்குப் பெயர் ஆறு.
ஜூனில் ஓடுவதில்லை.
குட்டையாய்க் கிடந்து, மணலுக்குள் போய்,
முந்நூறு அடி தள்ளி
ஒன்றுமே நடக்காத மாதிரி தலைகாட்டும்.
சண்டைக்குப் பிறகு கெர்சோமும் இப்படித்தான்
சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வருவான்.

கரை மாறும்போதெல்லாம் எண்ணினான்.
ஏழு என்றான்.
எட்டு என்றாள் பெட்ரினா.
கால் நனைந்தது, அதற்குமேல் எனக்குத் தெரியாது என்றேன்.

கந்தக ஊற்றில் அழுகிய முட்டை வாடை.
மூக்கைப் பிடித்துக்கொண்டு
"யார் அது?" என்றாள் பெட்ரினா.
மூவரும் சிரித்தோம்.
அவன் முதலில் நிறுத்தினானா, நானா, நினைவில்லை.

கூடாரம் பெண்களுக்கு.
அவன் வெளியே, மணலில், பனியில்.
எப்போது இருமுவான், எப்போது இடப்பக்கம் புரள்வான்
எல்லாம் முன்கூட்டியே தெரிகிறது காதுக்கு.
கோர்ட்டுத் தீர்ப்பு
காதுவரை வந்து சேரவில்லை.

மூன்றாம் நாள் என் இடது பூட்ஸ் வாய் பிளந்தது.
ஏறிப் போக வழியில்லை,
நடந்தால் இன்னும் நாற்பது கிலோமீட்டர்.
பைக்குள்ளிருந்து கம்பி எடுத்தான்.
பதினைந்து வருஷம் லாரிக்கடியில் படுத்த விரல்கள்
என் குதிகாலைப் பிடித்து நிறுத்தின.
"இறுக்கமா?"
"இன்னும் கொஞ்சம்."
அன்றைக்கு முழுக்க நாங்கள் பேசியது அவ்வளவே.
எதிர்ப்பாறையில் ஒரு பபூன்
சாட்சி சொல்ல வந்தவனைப் போலத் தொடையைச் சொறிந்தபடி.

நாலாம் நாள் பற்றி என்ன சொல்ல.
கல். கல்லைத் தாண்டினால் தலையளவு கல்.
நூடுல்ஸில் மணல். பல்லில் மணல்.
வரிக்குதிரைச் சாணத்தை மிதித்து
பெட்ரினா கெட்ட வார்த்தை சொன்னாள்,
அது பள்ளத்தாக்கு முழுக்கப் போய்
எங்களுக்கே திரும்பி வந்தது.

ஐந்தாம் நாள் ஐ-ஐஸ்.
எங்கள் நாமா மொழியில் எரிகிற தண்ணீர்.
நிலத்தடியிலிருந்து வருவது, எத்தனை குளிரிலும்
ஆறுவதில்லை.
கழுத்துவரை இறங்கி உட்கார்ந்தோம்.
பெட்ரினா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.
கரையில் கிடந்த பூட்ஸை எடுத்து
கம்பியை அவிழ்த்து, சுருட்டி,
தன் பைக்குள் போட்டுக்கொண்டான். அவன் கம்பி.

"மொத்தம் இருபத்து மூன்று முறை கடந்திருக்கிறோம்," என்றான்,
என்னிடமா, தண்ணீரிடமா என்று புரியாதபடி.
தலையாட்டினேன்.

எனக்கு இருபத்தைந்து.
மூன்றாம் ராத்திரி, அவன் இடப்பக்கம் புரண்ட பிறகு,
வெறுங்காலோடு அக்கரை போய்
அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு
வந்தேன்.