நிலுவை: பூஜ்யம்

பதினொரு துறைகளில்
வேதியியலுக்கு முதலிடமாம்.
கூட்ட அறையின் பெரிய திரையில்
என் பெயருக்கு நேரே பச்சைப் பட்டை.

எனக்கு முன்பிருந்த தலைவர்
ஒரு விடுப்புக் கடிதத்தைக்
கண்ணாடிக் குண்டின் அடியில் பதினேழு நாள் வைத்திருப்பார்.
பிடிக்காதவர் என்றால் முப்பது.
அந்தக் காலத்துக்கு நான் ஏங்கவில்லை.
என் பேறுகால விடுப்புக்கு
பிள்ளை பிறந்த பிறகுதான் அனுமதி வந்தது.

காட்பாடி மேம்பாலத்தில்
லாரி படுத்துக் கிடந்த அன்று
ஆட்டோவில் உட்கார்ந்தபடியே
நாற்பத்தொரு கோப்பு நகர்த்தினேன்.
கட்டைவிரல்தான் துறையை நடத்துகிறது.

கட்டைவிரல் என்றதும்
தசரதனைச் சொல்ல வேண்டும்.
ஆய்வக உதவியாளர். இருபத்தாறு வருடம்
குடுவை கழுவி, அமிலம் ஊற்றி
ரேகை தேய்ந்த கை.
வாசல் கருவியில் வைப்பார்.
துடைத்து வைப்பார். எச்சில் தொட்டு வைப்பார்.
'மீண்டும் முயலவும்' என்று
ஒரு பெண் குரல் சலிக்காமல் சொல்லும்.

ஒன்றாம் தேதி, காலை ஆறு மணி ஒரு நிமிடம்.
நான் சத்துவாச்சாரியில் தூங்கிக்கொண்டிருக்கிறேன்.
என் பெயரில், என் கையொப்பத்தோடு
அவருக்குக் குறிப்பாணை போகிறது:
இருபத்திரண்டு நாள் பணிக்கு வரவில்லை,
ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?

பத்து ரூபாய் கொடுத்து அச்செடுத்து
மடிக்காமல் கொண்டுவந்தார்.
"இன்னா மேடம், டெய்லி உங்களுக்கு
வணக்கம் வெச்சிகினுதானே உள்ள போறேன்?"

வணக்கத்துக்கு அதில் கட்டமில்லை.

பதிலைப் பதிவேற்றத்தான் வேண்டும்.
அவர் போனில் வந்த ஆறு எண்களை
அவர் தடவித் தடவி வாசிக்க
நான் தட்டினேன்.
'மதிப்பிற்குரிய அம்மையீர்' என்று
எனக்கே எழுதினேன்.
'இனி இவ்வாறு நேராது' என்பதை அழித்தேன்.
குறைந்தது நூறு எழுத்து வேண்டும் என்றது.
திரும்பச் சேர்த்தேன்.
அவராக வெளியேறி, நானாக உள்ளே வந்து
விளக்கம் ஏற்கப்பட்டது என்றேன்.

கேட்டதும் நான், சொன்னதும் நான், மன்னித்ததும் நான்.
மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி.
மற்ற துறைகளில் இதற்கு ஒன்பது நாளாகிறதாம்.

தசரதன் போகாமல் நின்றார்.
"அப்போ நாளைக்கு எந்த விரல வெக்கறது?"

மின்விசிறியை நிறுத்திவிட்டு,
ஜன்னல் வெயிலில்
பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.
இடது சுண்டுவிரலில்
நாலைந்து கோடு மிச்சமிருந்தது.

விரல் மாற்றித் தரச் சொல்லி
கணினி மையத்துக்குக் கோரிக்கை அனுப்பினேன்.
முப்பது நாளாய் அது நிலுவை.

நேற்று ஒன்றாம் தேதி.