ஐந்தாண்டு விதி

ஐந்தாண்டுகள் யாரும் தொடாத புத்தகத்தைக்
களைந்துவிட வேண்டும் என்பது விதி.
'களையெடுப்பு' என்றே சொல்கிறோம்,
தோட்டக்காரர்களைப் போல, கூச்சமில்லாமல்.

கேர்ட்லா நூலகத்தில் களையெடுப்பவள் நான்.
விர்வே. இரண்டு கண்ணாடிகள்:
ஒன்று வாசிக்க,
மற்றது வாசிப்பவர்களைப் பார்க்க.

பகல் முழுக்க நாவல்களைப் பரிந்துரைக்கிறேன்.
கணவனை இழந்தவளுக்கு ஒன்று,
இழந்தால் தேவலை என்றிருப்பவளுக்கு ஒன்று.
தீவைவிட்டுப் போகும் படகு ஏறுகிறவருக்கு
அக்கரை சேர்வதற்குள் துப்புத் துலங்கிவிடும் கொலை.
விளக்குகளை அணைத்த பிறகு
என்னிடம் ஒரு நாவலை நீட்டிப் பாருங்கள்:
மிட்டாய்க்கடைக்காரன் முகம் தெரியும்.

வீட்டில் நான் வாசிப்பவை வேறு.
என்னிடம் இல்லாத தையல் இயந்திரத்தின் கையேடு.
மூடிப்போன விதைக் கம்பெனியின் விலைப்பட்டியல்.
போகாத ஊருக்கு வழி கேட்கக் கூடாது என்பார்கள்.
நான் போகாத ஊருக்குப் பேருந்து நேரமே பார்க்கிறேன்.
அதிலும் அடிக்குறிப்புகள்:
'பள்ளி நாட்களில் மட்டும்.'
'கை காட்டினால் நிற்கும்.'
அந்தக் கை யாருடையது என்று
தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சாம்பல் அட்டை.
கலங்கரை விளக்கத்தின் மூடுபனிச் சங்கைப்
பழுதில்லாமல் பராமரிப்பது பற்றி
நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்.
அடைப்பிதழ், அழுத்தமானி, எண்ணெய்.
நாற்பத்தோராம் பக்கத்தில் மட்டும்
ஒரே ஒரு மனிதன் வருகிறான்:
'சங்கு ஒலிக்கும்போது உதவியாளர்
வாயைச் சற்றுத் திறந்து வைத்திருக்க வேண்டும்.'

அவ்வளவுதான் அவன் பாத்திரம்.
செவிப்பறை கிழியாதிருக்கச் சொன்னது, தெரியும்.
எனக்கு அவன் சொல்ல வந்து
இன்னும் சொல்லாமல் நிற்பவன்.

ஞாயிறன்று பனி இறங்கினால்
சைக்கிளை மிதித்து முனைக்குப் போவேன்,
பாறைமேல் பதிவுக் கருவியை வைப்பேன்.
இங்கே சங்கு ஒலித்துப் பல காலம் ஆயிற்று.
ஒலிக்காத சங்கு
பதினேழு மணி நேரம் என்னிடம் இருக்கிறது.
அக்காள் மகன் கேட்டுப் பார்த்துவிட்டு
ஒன்றுமே இல்லையே என்றான்.
பொறு, பதினோராவது மணியில் ஒரு வாத்து வரும் என்றேன்.

நான்கு ஆண்டு பதினோரு மாதம் ஆனதும்
அந்தப் புத்தகத்தை
என் அட்டையில் நானே இரவல் எடுப்பேன்.
மூன்று தடவை எடுத்தாயிற்று.
குற்றமில்லை. பெருமைப்படவும் ஒன்றுமில்லை.
நாடித் துடிப்பு நின்றவனின் கையை
நாமே பிடித்து ஆட்டுவது போல.

இந்த மார்ச்சில் நாள் பார்த்துப் போனேன்.
அலமாரியில் இடைவெளி.
நாக்கு திரும்பத் திரும்பத் தேடிப்போகும்
பல் விழுந்த இடம்.

யார் எடுத்தது என்று
வேலைக்குத் தேவையின்றிப் பார்க்கக் கூடாது.
பார்த்தேன்.
ராய்வோ துல்ப். பனி வழிக்கும் வண்டி ஓட்டுபவர்.
அதற்கு முன் அவர் எடுத்தது மொத்தம் ஒன்று,
அதுவும் மகள் பெயரில்,
முயல் வளர்ப்பு.

மகிழ்ந்திருக்க வேண்டும். நூலகர் அல்லவா.
என் கோட்டு
வேறொருவர் தோளில் தெருவைக் கடப்பதைப்
பார்த்தது போல்தான் இருந்தது.
எந்த நாற்காலியில் வாசிக்கிறார்?
சாப்பிட்டுக்கொண்டா?
நாற்பத்தொன்றை
கவனிக்காமல் புரட்டிவிட்டாரா?

இரண்டு நாள் தாமதமாகக் கொண்டுவந்தார்.
தாளில் டீசல் வாசம்.
அபராதத்துக்குச் சில்லறை எண்ணியபடி,
என்னைப் பாராமல், வெளியே பனியைப் பார்த்து,
"பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.
ஆனால் அந்தப் பையன் கடைசியில்
வாயை மூடினானா இல்லையா?
அதை எழுதாமல் விட்டுவிட்டார்கள்" என்றார்.

இருபது சென்ட்.
ஒரு சென்ட்கூட நான் குறைக்கவில்லை.