எட்டு

மொட்டைமாடியில் சின்டெக்ஸ் தொட்டிக்கும்
துருப்பிடித்த டிஷ் கம்பிக்கும் நடுவே
சாக்பீஸால் எட்டு வரைந்து கொடுத்தான் பிரபாகர்.
லைசென்சுக்கு அவன் போட்டதைவிடச் சின்னது.
காலையில் அரைமணி, வெயில் தாழ அரைமணி.
டாக்டரம்மா கணக்கு.

கொளத்தூர் ஆஸ்பத்திரி பெஞ்சில் ஆளுக்கொரு பேச்சு.
கையை மேலே தூக்காதே, கொடி சுற்றிக்கொள்ளும்
என்றாள் ரெஜினா.
குனிந்து பெருக்கு, அது போதும், வேறெதற்கு வித்தை
என்றாள் மும்தாஜ், தன் ஸ்கேன் கவரால் விசிறியபடி.
லாரித் தண்ணீரை மூன்று மாடி சுமக்கும் ஒருத்தி
"எக்சர்சைஸா?" என்று கேட்டாள்.
கேட்டுவிட்டுச் சிரித்தாள், மூச்சு வாங்க.
நானும் சிரித்து வைத்தேன்.

அங்கே நான் சொல்லாதது:
போன தடவை அசையவே இல்லை நான்.
கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் கொடுத்து
ஓடாத ஃபேனின் மூன்று இறக்கைகளை
நாள் முழுக்க எண்ணிக் கிடந்தேன்.
தும்மலைக்கூடப் பாதியில் விழுங்கினேன்.
அப்படியும்,
பதினேழாவது வாரம்.

நேற்றைய மழையில் சாக்பீஸ் போய்விட்டது.
கோடில்லாமலே கால் திரும்புகிறது.
வில்லிவாக்கம் பக்கம் மின்ரயில் ஊதுகிறது,
கீழ்வீட்டில் குக்கர் மூன்றாம் விசில்.
நடந்தாலும் பயம்,
உட்கார்ந்தாலும் அதே பயம்,
கொஞ்சம் வியர்வை குறைவு, அவ்வளவுதான்.
உள்ளே இருப்பது மட்டும்
டாக்டரையோ ரெஜினாவையோ கேட்காமல்
விலாவில் காலை நீட்டிப் பார்க்கிறது.

எட்டின் இடுப்பில்,
கோடுகள் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில்,
பதினேழாவது சுற்றில் தினமும் நின்றுவிடுகிறேன்.
சுவரைப் பிடித்துக்கொள்கிறேன்.
துப்பட்டாவால் கழுத்தைத் துடைக்கிறேன்.

பதினெட்டு.