வந்தது இரண்டு பந்து

முப்பத்து மூன்று பெயர்.
மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை,
ஸ்பெல்லிங் தப்பாக அடித்திருப்பார்களோ என்று
இன்னொரு முறை.
கோல்கீப்பர் கட்டத்தில் மூன்று பேர்.
டிஃபெண்டரில் நான்காவதாக
பெனிட்டா, சேலம் என்று இருந்தது.
அந்தச் சேலத்தை மட்டும்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கொலுசு பற்றவைத்துக்கொண்டிருந்தார்.
பொடி வைத்து ஊதுவது தொழில்,
பொடி வைத்துப் பேசத் தெரியாது.
சுடரிலிருந்து கண்ணை எடுக்காமல்,
"எத்தனை கோல் விட்டே?"
ஒண்ணும் விடல.
"அப்புறம் என்ன?"

அதுதான்.

கடைசி டிரயலில் அறுபது நிமிடம்.
எனக்கு வந்தது இரண்டு பந்து.
ஒன்று, பாதத்தில் வந்து படுத்துக்கொண்டது.
மற்றது, எப்படியும் வெளியே போகிற பந்து,
தொட்டு வழியனுப்பினேன்.
மிச்ச நேரமெல்லாம்
நீல டர்ஃப்பில் தண்ணீர் காய்வதைப் பார்த்தேன்,
காலி நாற்காலிகளை எண்ணினேன், கத்தினேன்:
பெனிட்டா இடது, பெனிட்டா பின்னாடி, பெனிட்டா வா.
இடது போனாள், பின்னாடி போனாள், வந்தாள்.
ஸ்டிக்கைத் தரையோடு கிடத்தி
ஒருத்தியையும் வட்டத்துக்குள் விடவில்லை.
ஏற்காட்டுக்காரி.
அவள் ஊரில் பந்து ஒருமுறை தவறினால்
மூன்றாவது கொண்டை ஊசியில்தான்
போய் எடுக்க வேண்டும்.

எதிர்க்கோலில் நின்றவள் சிம்டேகாப் பெண்.
ஐந்து வாங்கினாள்.
பதினெட்டு தடுத்தாள்:
ஒன்றை ஹெல்மெட்டால்,
ஒன்றை விழுந்துகொண்டே முழங்கையால்,
ஒன்றை எதனால் என்று அவளுக்கே தெரியாது.
மேசைக்காரர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.
என் பக்கம் எதை எழுதுவார்கள்?
பன்னிரண்டடி அகலம், ஏழடி உயரம்,
உள்ளே ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையைத்தான்
அறுபது நிமிடமும் காத்துக்கொண்டிருந்தேன்.

அவளை எடுத்தது சரி.
இதைச் சொல்ல நான்கு நாள் ஆனது,
அதிலும் முதல் மூன்று நாள்
பெனிட்டாவின் போனை எடுக்கவில்லை.

முகாமுக்குக் கொண்டுபோக
அவளிடம் பள்ளிக்கூடப் பைதான் இருந்தது.
என் பேடுகளைக் கொட்டிவிட்டு
கிட் பேக்கைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனேன்.
"லக்கேஜ் போடணும்மா" என்றார் கண்டக்டர்.
காலிப் பைங்கண்ணா.
"பெருசா இருக்கே."
காலிக்கும் டிக்கெட் வாங்கி
இருபது வளைவும் மடியில் வைத்திருந்தேன்.

பெனிட்டா ஜிப்பைத் திறந்து மோந்து பார்த்தாள்.
"கருமம், நாறுது."
மூணு வருச வேர்வை, சும்மாவா?
அவள் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்து
எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு
சர்க்கரை எடுக்கிற மாதிரி உள்ளே போனார்.
சர்க்கரை டம்ளரிலேயே இருந்தது.

"ரெண்டு மூணு விட்டிருக்கலாம்டி"
என்றாள், பையைப் பார்த்து.
விட்டிருந்தா அங்கேயே உன்னைக் கொன்னிருப்பேன்
என்றேன், நானும் பையைப் பார்த்து.
உண்மையில்,
நாற்பதாவது நிமிடம் வாக்கில்
ஒருமுறை நினைத்தேன்:
இவள் ஒருமுறை வழுக்கி விழக்கூடாதா என்று.
அதைச் சொல்லவில்லை.
இப்போதும் அவளிடம் சொல்லவில்லை.

அவள் கிளம்புவதற்கு முந்தைய நாள்
முதல் பஸ்ஸில் இறங்கி வந்தாள்.
பேடுகளைக் கயிறு போட்டு
அப்பாவின் வண்டியில் கட்டி எடுத்துப் போயிருந்தேன்.
எங்கள் மைதானத்தில் நீலம் கிடையாது.
சரளை. காற்றடித்தால் குவாரித் தூசி.
வட்டத்தின் விளிம்பில்
முப்பது பந்தை வரிசையாக வைத்தாள்.
எனக்கும் அவளுக்கும் நடுவில்
அன்றைக்குத்தான் முதல்முறையாக
பெனிட்டா இல்லை.

முதல் பந்து கோல்பலகையில் அடித்த சத்தம்
சுண்ணாம்புக்கரடு வரை போயிருக்கும்.
அடுத்தது காலில்.
அடுத்தது கிளவ்வில்.
அப்புறம் எண்ண நேரமில்லை.

அப்பா கேட்டால் சொல்ல
இப்போது ஓர் எண் இருக்கிறது.
பெனிட்டா ஒன்பது என்கிறாள்.
எட்டுதான்.
ஒன்று கம்பத்தில் பட்டது,
நான் பார்த்தேன்.