இடது சீட்டின் பிரேக்

சத்தம் ஆரம்பித்தது ஆடிக் கடைசியில்,
மேட்டூர் ரோடு, பஸ் ஸ்டாண்டு திருப்பம்.
கிய்ய்க்.
எலிக்குஞ்சை யாரோ மிதித்தாற்போல ஒன்று.
அப்புறம் ஒன்றுமில்லை.

பேடு தேய்ந்தால் கீச்சென்று நீளமாகக் கத்தும்.
பேடே தீர்ந்து இரும்பும் இரும்பும் உரசினால்
அம்மிக்கல்லைச் சிமெண்டுத் தரையில் இழுப்பது மாதிரி.
மழை பெய்த மறுகாலை முதல் மூன்று பிரேக்கில் கரகரத்து
நான்காவதில் அடங்குவது டிஸ்க்கின் துரு,
அதற்குச் செலவு வைக்கத் தேவையில்லை.
ஒன்பது வருஷமாக எல் போர்டு ஆல்டோவில்
இடது சீட்டில் உட்கார்ந்தே ஈரோட்டைச் சுற்றுகிறவளுக்கு
இவ்வளவாவது தெரியும்.
இது அதெதுவும் இல்லை.

சிக்கந்தர் சூரம்பட்டி நால்ரோடு வரை ஓட்டிப் பார்த்தான்.
"சத்தமே இல்லீங்க்கா."
ரிவர்ஸில் அமுத்தினான். வளைத்து அமுத்தினான்.
திண்டல் கோயில் இறக்கத்தில்
டிஸ்க் சுட்டு நாறும்வரை அமுத்தினான்.
ஊமை.
நாலு சக்கரத்தையும் கழற்றினான்.
பேடு பாதிக்குமேல் இருந்தது.
காலிப்பர் பின்னுக்குக் கிரீஸ் வைத்தான்.
டிஸ்க்குக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு ஜல்லிச் சில்லு,
உளுந்துப் பருமன்.
"இந்தக் கெரகந்தானுங்க்கா."
உள்ளங்கையில் வைத்துக் காட்டியபோது நம்பத்தான் செய்தேன்.
முந்நூறு ரூபாய்.

மறுநாள் ஏழு பத்துக்குக் காளைமாட்டுச் சிலையருகே
கிய்ய்க்.

ஏழு மணி வகுப்பு குப்பணன்.
வயது ஐம்பத்தெட்டு, மஞ்சள் மண்டியில் தரகு.
சம்பந்தி வீட்டில் மாமியார் முதற்கொண்டு கார் ஓட்டுகிறார்கள்
என்ற ரோசத்தில் பணம் கட்டியவர்.
கிளச்சை விடும்போதெல்லாம்
உதடு மட்டும் அசைந்து யாரையோ கூப்பிடும்.
ஓரங்கட்டச் சொன்னேன். இஞ்சினை அணைத்தார்.
"அம்மிணி, இன்னொருக்கா அமுத்துங்."
"நானுங்களா?"
"நீங்கதானுங்க அமுத்துனது."

மஞ்சளைக் காதோரம் வைத்துத்தான் ஒடிப்பாராம்.
காய்ந்த விரலி டணக்கென்று பேசும்.
உள்ளே ஈரம் இருந்தால் முனகும்.
மேலே எவ்வளவு பாலீஷ் போட்டிருந்தாலும்
அந்தச் சொடுக்கு பொய் சொல்லாது.
அதே காதைச் சாய்த்தார், கண்ணை மூடிக்கொண்டு.
அமுத்தினேன்.
கிய்ய்க்.
"சக்கரத்துல இல்லீங்க. உங்க காலுக்குக் கீழ."

அவர் பிரேக்கோடு என் பிரேக்கைக் கட்டிய வயர்.
என் பெடல் தொங்கும் முளையில்
புஷ் வறண்டு வெடித்திருந்தது.
சிக்கந்தர் தலையிலடித்துக்கொண்டான்,
அவன் ஓட்டிப் பார்த்த அத்தனை தடவையும்
இடது சீட்டு காலி.

அன்றிரவு கிய்ய்க் கேட்ட இடங்களை எண்ணினேன்.
எண்ணி முடிக்க முடியவில்லை.
தள்ளுவண்டிக்காரன் திரும்பவே இல்லை, திரும்புவானென்று.
பள்ளிக்கூடம் விட நேரமிருந்தது, இருந்தாலும்.
பேங்கில் வேலைபார்க்கும் பிரமிளா
ஒவ்வொரு கிய்ய்க்குக்கும் "சாரி" என்பாள்.
காரிடம் சொல்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

புது புஷ் நாற்பது ரூபாய், இரண்டு சொட்டு எண்ணெய்.
சத்தம் நின்றது.

நேற்று ஸ்டேஷன் பக்கம் டவுன் பஸ் ஒன்று
கை காட்டாமல் குறுக்கே வந்தது.
கார் நின்றது.
பஸ்ஸுக்கும் பம்பருக்கும் நடுவில்
ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம்.
"பாத்தீங்களா அம்மிணி, நானே நிப்பாட்டிப் போட்டன்!"
குப்பணனுக்கு மூக்கு நுனியில் வேர்வை.

என் கால் பெடல் மேல்தான் இருந்தது.
அமுத்தியிருந்தேனா,
அவர் அமுத்தக் கூடவே இறங்கியதா.
கெண்டைக்காலைக் கேட்டேன், அதற்கும் தெரியவில்லை.
பின்னால் ஒரு லாரி ஆரன் அடிக்க ஆரம்பித்திருந்தது.

"பாத்தனுங்க," என்றேன்.
"ஃபர்ஸ்ட் கியர் போடுங்."