நான்காம் கண்

அரபியில் இதற்கு வாதி என்று பெயர்.
வருடத்தில் முந்நூற்று அறுபது நாள்
கூழாங்கல், பெப்சி டப்பா, ஆட்டுப் புழுக்கை.
சஹம் வந்த புதிதில்
ஆறு எங்கே என்று கேட்டேன்.
அதன்மேல்தான் நிற்கிறாய் என்றான்
பொக்லைன் ஓட்டும் தில்பாக்.

நெடுஞ்சாலைக்கு அடியில் நான்கு கண் பாலம்.
மூன்று மீட்டர் அகலம், இரண்டரை உயரம்.
செப்டம்பருக்குள் நான்கையும் தூர்வாரி
நீளம் அகலம் ஆழம் அளந்து
நான் பேரேட்டில் எழுதவேண்டும்.
எழுதியதற்கு மஸ்கட்டிலிருந்து பணம் வரும்.

முதல் கண்ணில் டயர்கள்.
இரண்டாவதில் ஓர் ஒட்டகத்தின் விலா எலும்பும்
யாரோ வீசிய குளிர்சாதனப் பெட்டியும்.
மூன்றாவதில் வெறும் மணல், இடுப்பளவு.
நான்காவதில்
மொஃபிஜுல் படுத்திருந்தான்.

ஹிலாலின் தோட்டத்தில் குதிரைமசால் அறுப்பவன்.
தகரக் கொட்டகையில் நாற்பத்தெட்டு டிகிரி,
இங்கே பாருங்கள், காற்று குறுக்கே வருகிறது என்று
வீடு காட்டுபவன் போலச் சொன்னான்
உடைந்த இந்தியில்.
இரும்புக் கட்டில். கொசுவலை.
கான்கிரீட்டில் ஆணி இறங்காததால்
சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டிய நாட்காட்டி.

தில்பாக் என்னைப் பார்த்தான்.
நான் நாட்காட்டியைப் பார்த்தேன்.
அக்டோபரில் எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.
பேரேட்டில் நான்கு என்று எழுதினேன்.
இரக்கம்தான்,
சத்தியமாக இரக்கம்தான்.
ஒரு கண்ணுக்கான டீசல் மிச்சமானதை
அப்போது நினைக்கவேயில்லை என்றால்
நீங்கள் நம்பமாட்டீர்கள்.
நானும்.

அக்டோபருக்கு ஒன்பது நாள் இருக்கையில்
மலையில் பெய்தது.
எங்கள் முகாமுக்கு மேலே நட்சத்திரம்.
கொடியில் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.
சாலையில் லாரிகள் போகின்றன என்று
திரும்பிப் படுத்தோம்.

லாரி அல்ல.

தமிழில் வாதி என்றால் வழக்குத் தொடுத்தவன்.
அன்றிரவு அது
மனை பிரித்து விற்ற இடம்,
மதில் எழுப்பிய இடம், வில்லாவின் நீச்சல் தொட்டி
எல்லாவற்றுக்குள்ளும் போய்த்
தன் பழைய பட்டாவை விரித்துக் காட்டியது.
மூன்று கண்ணில் நுழைந்தது போக மிச்சம்
நான்காவதுக்கு வந்தது.
கட்டில் ஓலையைப் பிடித்தது,
ஓலை முள்ளை, முள் கொசுவலையை,
வலை அத்தனை சேற்றையும்.
தண்ணீர் யாரையும் திட்டவில்லை.
பக்கத்தில் எது தாழ்வு என்று மட்டும் பார்த்தது.

விடிந்தபோது ஹிலாலின் வயலில்
மசாலின் நுனிகூடத் தெரியவில்லை.
எலுமிச்சங்கன்றுகள் நட்ட வரிசை மாறாமல்
கவிழ்ந்து மிதந்தன.
முழங்கால் நீரில் நின்றபடி கேட்டார்:
எத்தனை கண் திறந்திருந்தது?
நான் பேரேட்டைப் பிரித்துக் காட்டினேன்.
நனையாத பக்கம்.
தலையசைத்து, கடவுள் நாடியது என்றார்.
அதற்கு என்ன பதில் சொல்வதென்று
எந்த மொழியிலும் எனக்குத் தெரியவில்லை.

மொஃபிஜுலுக்கு அன்று இரவு மோட்டார் முறை,
அதனால் பேரீச்சை மரத்தில் ஏறிப் பிழைத்தான்.
மூன்றாம் நாள் என்னிடம் வந்து
மெதுவாகக் கேட்டான்:
என் கட்டிலா?
தெரியாது என்றேன்.
இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
என் கையெழுத்து என்றும் சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை, விடுமுறை,
தில்பாக் கேட்காமலே வண்டியை எடுத்தான்.
ஏற்கெனவே தூர்வாரிய கண்ணைத் தூர்வாரப்
பேரேட்டில் வரி இல்லை; டீசல் என் பணம்.
கட்டில் ஆணி வளைந்ததுபோல் வந்தது.
சுவரில் நாட்காட்டி இல்லை,
நான்கு மூலைக்கும் பருக்கைத் தடம்.

அளவு நாடாவின் ஒரு முனையை
மொஃபிஜுல் பிடித்துக்கொண்டான்,
மறுமுனையோடு நான் இருட்டுக்குள் நடந்தேன்.
எத்தனை என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டான்.
சொன்னேன்.
சரியாகக் கேட்கவில்லை என்றான்.
இன்னும் சத்தமாகச் சொன்னேன்.